தென் செபராங் பிறை இடைநிலைப்பள்ளிகள்: ஜி.பி.எஸ். மட்டும் பார்த்து ஒப்பிடலாமா?

சிம்பாங் அம்பாட் வாசி:
வணக்கம். பினாங்கின் நிபோங் திபால், சுங்கை பாக்காப், ஜாவி, சிம்பாங் அம்பாட் வட்டாரத்தில் இருக்கும் தேசிய இடைநிலைப்பள்ளிகளை எஸ்.பி.எம். (படிவம் 5 முடிவில் எழுதும் தேசியத் தேர்வு) அடைவுநிலைப்படி ஒப்பிட்டு ஒரு பக்கத் தாள் தயாரிக்கிறோம். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்குக் கொடுப்பதற்காக. பள்ளிகள் முகநூலில் போட்ட ஜி.பி.எஸ். (பள்ளியின் கிரேடுச் சராசரி), தேர்ச்சி விழுக்காடு, எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்தவர்கள் எண்ணிக்கை ஆகிய மூன்றும்தான் கையில் இருக்கின்றன. ஜி.பி.எஸ்.-படி அடுக்கினால் ஒரு வரிசை வருகிறது, தேர்ச்சி விழுக்காட்டின்படி அடுக்கினால் அது தலைகீழாகிறது. எதை எடுத்துக்கொள்வது?

கணக்கு வாத்தியார்:
இரண்டும் வேறு வேறு ஆட்களை அளக்கின்றன. அதனால்தான் வரிசை மாறுகிறது.

ஜி.பி.எஸ். எப்படி வருகிறது என்று முதலில் பாருங்கள். ஏ+ என்றால் 0, ஏ 1, ஏ- 2, பி+ 3, பி 4, சி+ 5, சி 6, டி 7, இ 8, ஜி 9. எண் குறையக் குறைய நல்லது. ஒரு பாடத்தில் ஒவ்வொரு கிரேடிலும் எத்தனை பேர் என்பதை அந்த எண்ணால் பெருக்கிக் கூட்டி, அந்தப் பாடம் எழுதியவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஜி.பி.எம்.பி., அதாவது பாடச் சராசரி. எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து அதையே செய்தால் ஜி.பி.எஸ்.

கணக்குக்காக ஒரு சின்னப் பள்ளியை வைத்துக்கொள்வோம். வரலாறு எழுதியவர்கள் 40 பேர். ஏ+ 1, ஏ 2, ஏ- 3, பி+ 3, பி 4, சி+ 5, சி 6, டி 6, இ 6, ஜி 4. பெருக்கிக் கூட்டினால் 220. 40-ஆல் வகுத்தால் 5.50. இ வரை தேர்ச்சி, ஆகவே தேர்ச்சி 36 பேர், 90 விழுக்காடு.

இப்போது பள்ளி அந்த 4 ஜி மாணவர்களை உட்கார வைத்து இ-க்குக் கொண்டுவருகிறது. கூட்டுத்தொகை 216, சராசரி 5.40. வெறும் 0.10 இறக்கம். தேர்ச்சியோ 100 விழுக்காடு.

அதற்குப் பதிலாக, பி எடுத்த 4 பேரை ஏ+-க்கு ஏற்றினால் கூட்டுத்தொகை 204, சராசரி 5.10. தேர்ச்சி அதே 90. ஜி.பி.எஸ். கண்ணுக்கு இரண்டாவது வழியில் போன பள்ளி நான்கு மடங்கு முன்னேறியிருக்கிறது. ஆனால் அங்கே 4 பிள்ளைகள் சான்றிதழே இல்லாமல் வெளியே போகிறார்கள். 2013-லிருந்து வரலாற்றில் தேர்ச்சி இல்லாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழ் கிடையாது. மலாய்மொழிக்கும் அப்படியே.

புறநகர், தோட்டப்புறப் பள்ளிகளை ஒப்பிடும்போது கீழே இருக்கும் அந்த நான்கு பேரைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வால்டோர்க்காரன்:
எல்லா ஏ எண்ணிக்கையை என்ன செய்வது சார்? பள்ளிக்கூட வாசலில் பேனர் கட்டுவதே அதை வைத்துத்தான்.

கணக்கு வாத்தியார்:
எண்ணிக்கையாகப் போடாதீர்கள். 300 பேர் எழுதிய பள்ளியில் 12 பேர் என்றால் 4 விழுக்காடு. 40 பேர் எழுதிய பள்ளியில் 4 பேர் என்றால் 10 விழுக்காடு. பேனரில் 12 பெரிதாகத் தெரியும். எஸ்.பி.எம். 2023-இல் நாடு முழுக்க எல்லா ஏ எடுத்தவர்கள் 11,713 பேர், 2024-இல் 14,179 பேர். முழு உறைவிடப் பள்ளிகளும் எம்.ஆர்.எஸ்.எம். (மாரா இளநிலை அறிவியல்) கல்லூரிகளும் இதற்குள்தான் அடங்கும். ஒரு சாதாரண எஸ்.எம்.கே.யை, அதாவது தேசிய இடைநிலைப்பள்ளியை, அளக்க இந்த எண் உதவாது.

தேர்வுப்பிரிவு அக்கா:
சிம்பாங் அம்பாட் தம்பி, முகநூல் போஸ்டரை ஓரமாக வையுங்கள். ஒவ்வொரு பள்ளியிலும் முடிவு வந்த அன்றே ஒரு பகுப்பாய்வுத் தாள் தயாராகிவிடும். பெ.ஆ.ச. (பெற்றோர் ஆசிரியர் சங்க) ஆண்டுக்கூட்டத்தில் முதல்வர் திரையில் காட்டுவது பெரும்பாலும் அதன் சுருக்கத்தைத்தான். சுருக்கம் வேண்டாம், முழுத் தாளைக் கேளுங்கள்.

அதில் வரிசைக்கு ஒரு பாடம் இருக்கும், பக்கத்தில் பாடக் குறியீடு: மலாய்மொழி 1103, ஆங்கிலம் 1119, வரலாறு 1249, கணிதம் 1449, தமிழ்மொழி 6354. அப்புறம் இடமிருந்து வலமாகப் பதிவு செய்தவர்கள், எழுதியவர்கள், ஏ+ முதல் ஜி வரை பத்துக் கட்டங்கள், டி.எச்., தேர்ச்சி விழுக்காடு, கடைசியில் ஜி.பி.எம்.பி. பெரும்பாலானோர் கண் நேராகக் கடைசிக் கட்டத்துக்குப் போய்விடும். நீங்கள் முதல் இரண்டு கட்டங்களையும் டி.எச். கட்டத்தையும் பாருங்கள்.

டி.எச். என்றால் தேர்வுக்கு வராதவர்கள். அவர்கள் சராசரியில் சேர்வதில்லை. கணக்கு சார் காட்டிய பள்ளியில் பதிவு 46, எழுதியவர்கள் 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதியவர்களில் தேர்ச்சி 90 விழுக்காடு. பதிவு செய்தவர்களில் பார்த்தால் 46-க்கு 36, அதாவது 78.3. ஆறு பேர் வராமல் போனதால் பள்ளியின் எண் கெடவில்லை. அவர்கள் வந்து எழுதித் தோற்றிருந்தால்தான் கெட்டிருக்கும். ஒப்பிடும் இரு பள்ளிகளில் ஒன்று வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைத் தேர்வு மண்டபத்துக்குக் கூட்டி வந்திருக்கும், இன்னொன்று விட்டிருக்கும். ஜி.பி.எஸ்.-இல் முதல் பள்ளிதான் மோசமாகத் தெரியும். இது எவ்வளவு பெரிய அநியாயம் என்று யோசியுங்கள்.

இன்னொன்று. சான்றிதழுக்குத் தகுதி பெற்றவர்கள் எத்தனை பேர் என்பதைப் பாட வரிசைகளிலிருந்து கணக்கிட முடியாது. வரலாற்றில் 4 பேர் தவறினார்கள், மலாய்மொழியில் 3 பேர் தவறினார்கள் என்றால், அந்த மூவரும் இந்த நால்வருக்குள்ளேயே இருக்கலாம், தனி ஆட்களாகவும் இருக்கலாம். தகுதி பெற்றவர்கள் 36-ஆகவும் இருக்கலாம், 33-ஆகவும் இருக்கலாம். விழுக்காட்டில் 90-க்கும் 82.5-க்கும் உள்ள வித்தியாசம். ஆகையால் "லாயாக் சிஜில்" (சான்றிதழுக்குத் தகுதி) எண்ணைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

பழைய மாணவர்:
எல்லாம் சரி, ஆனால் பெற்றோருக்கு ஒரே ஓர் எண் இருந்தால்தான் புரியும். மாவட்டக் கல்வி இலாகாவே ஜி.பி.எஸ்.-ஐ வைத்துத்தான் பள்ளிகளிடம் பேசுகிறது. ஆறேழு கட்டம் போட்டுக் கொடுத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். ஒரு பள்ளி 5.50-லிருந்து 5.20-க்கு வந்தது என்று சொன்னால் போதாதா?

கணக்கு வாத்தியார்:
போதாது. அந்த 0.30-ஐ எதோடு வைத்துப் பார்ப்பது? எஸ்.பி.எம். 2021-இல் தேசியச் சராசரி 4.86. அடுத்து 4.74, 4.60, 2024-இல் 4.49. மூன்று ஆண்டில் நாடே 0.37 இறங்கியிருக்கிறது. அதே காலத்தில் 0.30 இறங்கிய பள்ளி முன்னேறியிருக்கிறது, ஆனால் நாட்டை விட மெதுவாக. இதை எழுதாமல் "முன்னேற்றம்" என்று மட்டும் போட்டால் பெற்றோருக்குப் பாதித் தகவல்தான் போய்ச் சேரும்.

அடுத்தது பள்ளியின் அளவு. ஒரு பள்ளியில் மாணவர்களின் தனிப்பட்ட சராசரிகள் சுமார் 2 புள்ளித் திட்டவிலக்கத்தோடு (சராசரியிலிருந்து விலகும் அளவு) பரவியிருந்தால், 36 பேர் எழுதும் பள்ளியின் ஜி.பி.எஸ். எந்தக் காரணமும் இல்லாமலே ஆண்டுக்கு ஆண்டு 0.33 அளவுக்கு மேலும் கீழும் ஆடும். 256 பேர் எழுதும் பள்ளியில் அந்த ஆட்டம் 0.125 தான். சின்னப் பள்ளியில் 0.30 இறங்கியது முதல்வர் மாறியதாலும் இருக்கலாம், அந்த ஆண்டு வந்த பிள்ளைகளாலும் இருக்கலாம். ஓர் ஆண்டு எண்ணை வைத்துப் பிரித்தறிய வழியில்லை.

குறைந்தது மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். சேர்க்கும்போது மூன்று சராசரிகளைக் கூட்டி 3-ஆல் வகுக்கக் கூடாது. 60 பேர் எழுதி 4.9, அடுத்த ஆண்டு 30 பேர் எழுதி 5.6, அதற்கடுத்து 50 பேர் எழுதி 5.1 என்றால், நேராக வகுத்தால் 5.20 வரும். எண்ணிக்கையோடு பெருக்கிச் சேர்த்தால் 717-ஐ 140-ஆல் வகுத்து 5.12. நெருங்கிய இரு பள்ளிகளை வரிசை மாற்ற இந்த 0.08 போதும்.

ஆண்டுப் பெயரிலும் கவனம் வேண்டும். எஸ்.பி.எம். 2024-இன் முடிவு வந்தது 2025 ஏப்ரல் 24-இல். முகநூலில் சில பள்ளிகள் தேர்வின் ஆண்டைப் போடுகின்றன, சில முடிவு வந்த ஆண்டைப் போடுகின்றன. இரண்டையும் ஒரே நெடுவரிசையில் போட்டால் ஒரு பள்ளிக்கு இரண்டு 2024 வந்துவிடும்.

பழைய மாணவர்:
மூன்று ஆண்டைச் சேர்ப்பது நல்ல யோசனை சார், ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் தாளின் தலைப்பில் ஒரே எண் வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

தேன்மொழி டீச்சர்:
ஒரே எண் என்றால், படிவம் 1-இல் (இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டு) நுழைந்தவர்களில் எத்தனை பேர் சான்றிதழோடு வெளியேறினார்கள் என்ற எண்ணைப் போடுங்கள். மேலே சொன்ன பள்ளியில் படிவம் 1-இல் 52 பேர் இருந்து, கடைசியில் 36 பேர் சான்றிதழ் பெற்றால் 69.2 விழுக்காடு. முகநூலில் 90 என்று வரும் அதே பள்ளிதான் இது.

ஆனால் நடுவில் போனவர்கள் எல்லாரும் படிப்பை விட்டவர்கள் என்று நினைக்கக் கூடாது. படிவம் 3 முடிந்ததும் நன்றாகப் படிப்பவர்களில் சிலர் முழு உறைவிடப் பள்ளிக்கோ எம்.ஆர்.எஸ்.எம்.-க்கோ போவார்கள், சிலர் தொழிற்கல்லூரிக்கு. இவர்கள் போனதற்காகப் பள்ளியைக் குறை சொல்ல முடியாது. நன்றாகப் படிக்கும் மாணவர்கள் போனால் சராசரி என்ன ஆகும் என்று பாருங்கள்: 100 பேர், சராசரி 5.20. சராசரி 1.0 இருக்கும் 5 பேர் வேறு பள்ளிக்குப் போகிறார்கள். மீதி 95 பேரின் சராசரி 5.42. கற்பித்தல் ஓர் இம்மிகூட மாறவில்லை. பட்டணத்துப் பள்ளிகளிலும் இது நடக்கும், ஆனால் அங்கே 300 பேரில் 5 பேர். ஆகவே பள்ளியிடம் கேட்க வேண்டியது "எத்தனை பேர் போனார்கள்" என்பது மட்டுமல்ல, "எங்கே போனார்கள்" என்பதும். மாற்றல் கடிதம் வாங்கிப் போனவர்களின் பதிவு அலுவலகத்தில் இருக்கும். கடிதமே வாங்காமல் நின்றவர்கள்தான் உண்மையான இழப்பு.

நம் பிள்ளைகளுக்குப் புகுமுக வகுப்பு என்ற இன்னொரு படி இருக்கிறது. அதில் ஓராண்டு இருந்துவிட்டுப் படிவம் 1-க்கு வருபவர்கள், நேராக வந்தவர்களை விட ஓராண்டு தாமதமாக எஸ்.பி.எம். எழுதுவார்கள். படிவம் 1 எண்ணிக்கையிலிருந்து தொடங்கினால், புகுமுக வகுப்பிலேயே நின்றுபோன பிள்ளை எந்தக் கணக்கிலும் வராது. தமிழ்ப்பள்ளிப் பெற்றோருக்குத் தயாரிக்கும் தாளில் இதை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு பள்ளியிலும் புகுமுக வகுப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அடுத்த ஆண்டு அவர்களில் எத்தனை பேர் படிவம் 1-இல் உட்கார்ந்தார்கள் என்று இரண்டு எண்கள் கேளுங்கள்.

வால்டோர்க்காரன்:
டீச்சர், பள்ளிக்குள் வந்தபோது பிள்ளையின் நிலை என்ன, போகும்போது என்ன என்று ஒப்பிட முடியாதா? அதுதானே நியாயமான அளவு?

தேன்மொழி டீச்சர்:
நியாயம்தான் தம்பி, ஆனால் தொடக்கப் புள்ளி இப்போது இல்லை. ஆறாம் ஆண்டில் எழுதிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்டது, படிவம் 3-இல் எழுதிய பி.டி.3 2022-இல். இப்போது இருப்பது வகுப்பறை மதிப்பீடும் ஆண்டிறுதித் தேர்வும். வகுப்பறை மதிப்பீட்டில் 1 முதல் 6 வரை அடைவுநிலை ஆசிரியரே கொடுப்பது. ஆண்டிறுதித் தேர்வும் பள்ளியிலேயே நடத்தித் திருத்துவது. ஒரு பள்ளியின் 4-உம் இன்னொரு பள்ளியின் 4-உம் ஒன்று என்று சொல்ல முடியாது.

பள்ளிக்குள் "ஹெட்கவுன்ட்" என்று ஒன்று செய்வார்கள். டி.ஓ.வி. என்பது தொடக்க நிலை, ஈ.டி.ஆர். என்பது இலக்கு, இடையில் ஏ.ஆர். என்பது உண்மையாக எடுத்தது. ஒரே பள்ளிக்குள் ஒரு மாணவனைக் கவனிக்க அருமையான கருவி. பள்ளிக்குப் பள்ளி ஒப்பிட உதவாது. தொடக்கத் தேர்வைக் கடினமாக வைத்த பள்ளியில் எல்லாரும் பெரிதாக முன்னேறியது போலத் தெரியும்.

ஜாவி ரமணி:
அமைச்சின் இணையத்தளத்தில் பள்ளிப் பட்டியல் எக்செல் கோப்பாகக் கிடைக்கிறதே, அதில் "பண்டார்" (நகரம்), "லுவார் பண்டார்" (நகருக்கு வெளியே) என்று பிரித்திருக்கிறார்கள். அதை வைத்து லுவார் பண்டார் பள்ளிகளை மட்டும் தனியாக ஒப்பிட்டால் என்ன?

தேர்வுப்பிரிவு அக்கா:
அந்தக் கோப்பு மிகவும் பயனுள்ளது, கட்டாயம் எடுங்கள். மாவட்டக் கல்வி இலாகா நெடுவரிசையில் செபராங் பிறை செலாத்தானை வடிகட்டி, பிறகு இடைநிலையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, காலை மாலை எத்தனை வேளை, வரைபட ஆயங்கள் எல்லாம் இருக்கும். உங்கள் தாளோடு இணைக்கும்போது பள்ளிப் பெயரை வைத்து இணைக்காதீர்கள். முகநூலில் எஸ்.எம்.கே. என்று இருக்கும், பட்டியலில் முழுப்பெயர் இருக்கும், பாதி வரிசைகள் சேராமல் விழும். மூன்று எழுத்தும் நான்கு இலக்கமும் கொண்ட பள்ளிக் குறியீட்டை வைத்து இணைத்தால் பிசகாது.

படிவவாரியான எண்ணிக்கை அதில் இருக்காது, மொத்தம்தான் வரும். தேன்மொழி டீச்சர் சொன்ன 52 பேரைப் பள்ளியில்தான் கேட்க வேண்டும்.

லுவார் பண்டார் முத்திரையை அப்படியே நம்ப வேண்டாம் என்பேன். 2014-இல் இரண்டாவது பாலம் திறந்த பிறகு பத்து காவான், சிம்பாங் அம்பாட் பக்கம் புதுக் குடியிருப்புகள் வந்து மாணவர் கலவையே மாறிவிட்டது. அதே மாவட்டத்தில், நிபோங் திபாலைத் தாண்டிய தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கும் அதே முத்திரை இருக்கலாம். முத்திரைக்குப் பதிலாக, உதவித்தொகை பெறும் மாணவர் விழுக்காட்டைக் கேட்டுப் பக்கத்தில் போடுங்கள். அதைப் பள்ளி சொல்லத் தயங்காது.

ஆசிரியர்-மாணவர் விகிதத்தையும் கணக்கிட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. 620 மாணவர், 52 ஆசிரியர் என்றால் ஓர் ஆசிரியருக்கு 12 பேர்கூட இல்லை, நன்றாகத் தெரியும். ஆனால் இயற்பியல் எடுப்பவர் இயற்பியல் ஒப்ஷன்காரரா, அதாவது அந்தப் பாடத்துக்கே பயிற்சி பெற்றவரா, என்பதை அந்த விகிதம் சொல்லாது. படிவம் 4, 5-இல் ஆங்கிலம், கணிதம், வரலாறு எடுப்பவர்களில் எத்தனை பேர் அந்தப் பாட ஒப்ஷன் என்று கேளுங்கள். ஒரு பாடத்தின் ஜி.பி.எம்.பி. மற்றப் பாடங்களை விட்டுத் தனியாகக் கீழே விழுந்தால், முதலில் விசாரிக்க வேண்டிய காரணம் இதுதான்.

கணக்கு வாத்தியார்:
பாடக் கலவையை யாரும் இன்னும் தொடவில்லை. இரண்டு பள்ளிகள், தலா 100 பேர், எல்லாரும் 8 பொதுப் பாடங்கள் எழுதுகிறார்கள், இரண்டிலும் சராசரி 5.00. முதல் பள்ளி அங்கேயே நிறுத்துகிறது. இரண்டாவது பள்ளி 30 பேருக்குக் கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கையும் கூடுதலாகக் கொடுக்கிறது, அவற்றில் சராசரி 6.00 என்று வைப்போம். மொத்தம் 4,720-ஐ 920-ஆல் வகுத்தால் 5.13. அறிவியல் படிக்க வாய்ப்புக் கொடுத்த பள்ளி பட்டியலில் கீழே போகிறது. நிஜத்தில் தூய அறிவியல் எடுப்பவர்கள் பொது அறிவியல் எழுத மாட்டார்கள். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று அதை விட்டிருக்கிறேன், போகும் திசை அதேதான்.

சின்னப் பள்ளிகளில் "உனக்குக் கூடுதல் கணிதம் வேண்டாம்" என்று பிள்ளையைத் திருப்பிவிடும் ஆசை இதனால்தான் வருகிறது. அந்தப் பிள்ளைக்குப் பிறகு, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் அறிவியல் பிரிவிலும் பொறியியலிலும் கதவு குறுகிவிடும்.

இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. எல்லா மாணவரும் எழுதும் மலாய்மொழி, ஆங்கிலம், வரலாறு, கணிதம், நன்னெறி அல்லது இஸ்லாமியக் கல்வி ஆகியவற்றுக்கு மட்டும் ஒரு பொதுப்பாடச் சராசரி போடுங்கள். ஒவ்வொன்றின் ஜி.பி.எம்.பி.-யையும் எழுதியவர் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டி, மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் முடிந்தது. பள்ளிகளை அதை வைத்து ஒப்பிடலாம். தூய அறிவியலுக்குச் சராசரி போடாமல், எத்தனை பேர் எடுத்தார்கள், எத்தனை பேர் கிரெடிட் வாங்கினார்கள் என்று இரண்டே எண்கள். கிரெடிட் என்பது சி வரை.

தேன்மொழி டீச்சர்:
தமிழ்மொழிக்கும் அப்படியே செய்யுங்கள் சார். 15 பெற்றோர் கேட்டால் வகுப்பு நடத்த வழி உண்டு என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் வகுப்பு அட்டவணைக்குள் இருக்கிறதா, பள்ளி முடிந்த பிறகா என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். 6354 வரிசையில் 9 பேர் எழுதி ஜி.பி.எம்.பி. 2.1 என்று இருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன்னால், அந்தப் பள்ளியில் படிவம் 5-இல் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். 31 பேரில் 9 பேர் என்றால் மற்ற 22 பேர் எங்கே விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்பதுதான் கேள்வி.

வால்டோர்க்காரன்:
தோட்டத்துப் பிள்ளைகள் விடுவதற்குப் பெரிய காரணம் பஸ் டீச்சர். பள்ளி பஸ் ஒரே தடவைதான், வகுப்பு முடிந்ததும் கிளம்பிவிடும். இரண்டரைக்குத் தமிழ் வகுப்பு, மூன்று மணிக்கு வரலாறு கூடுதல் வகுப்பு என்று வைத்தால், பஸ்ஸில் போகிறவர்கள் யாரும் இருக்க முடியாது. மோட்டார் சைக்கிளில் அழைத்துப்போக ஆள் இருக்கும் பிள்ளைகள்தான் இருப்பார்கள். கூடுதல் வகுப்பு நடத்தும் பள்ளிகள் என்று தாளில் போடுவீர்களானால், அந்த வகுப்பு நாளில் இரண்டாவது பஸ் உண்டா என்று பக்கத்திலேயே ஒரு கட்டம் போடுங்கள்.

சிம்பாங் அம்பாட் வாசி:
எல்லாருக்கும் நன்றி. தாளை இப்படி மாற்றுகிறேன். மேலே, மூன்று ஆண்டுகளும் சேர்ந்து படிவம் 1-இல் இருந்தவர்களில் சான்றிதழ் பெற்றவர் விழுக்காடு. அதன் கீழே பொதுப்பாடச் சராசரி, எழுதியவர் எண்ணிக்கையோடு. பிறகு தேர்வுக்கு வராதவர்கள், புகுமுக வகுப்பிலிருந்து படிவம் 1-க்கு வந்தவர்கள், தமிழ்மொழி எழுதியவர்கள், தூய அறிவியலில் கிரெடிட் வாங்கியவர்கள், இரண்டாவது பஸ். வரிசை எண் 1, 2, 3 போடவில்லை, பள்ளிக் குறியீட்டின்படி அடுக்குகிறேன். அக்கா, வேறு ஏதும் விட்டுவிட்டேனா?

தேர்வுப்பிரிவு அக்கா:
உறைவிடப் பள்ளிக்கு மாற்றல் வாங்கிப் போனவர்களை முதல் எண்ணிலிருந்து கழித்துவிடுங்கள் தம்பி. இல்லையென்றால் நல்ல பிள்ளைகளை உருவாக்கிய பள்ளிக்கே தண்டனையாகிவிடும். படிவம் 2, 3, 4-இல் வெளியிலிருந்து வந்து சேர்ந்தவர்களையும் அதே கணக்கில் கூட்டுங்கள். 10 பேருக்குக் கீழே உள்ள கட்டங்களில் விழுக்காடு போடாமல் எண்ணிக்கையை மட்டும் போடுங்கள். அங்கே 3-க்கும் குறைவாக இருந்தால் கட்டத்தைக் காலியாக விடுங்கள், இல்லையென்றால் சின்னப் பள்ளியில் எந்தப் பிள்ளை என்று ஊருக்கே தெரிந்துவிடும். ஆண்டுக்கூட்டத்துக்கு முன்பே முதல்வருக்குக் கடிதம் கொடுத்து, கிரேடு வாரியான தாளும் "லாயாக் சிஜில்" எண்ணும் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கூட்டத்தன்று எழுந்து கேட்டால் சுருக்கம்தான் கிடைக்கும்.

பழைய மாணவர்:
தலைப்பில் ஒரே எண் வந்துவிட்டது, எனக்குச் சம்மதம். கடிதத்தின் வரைவை இங்கே போடுங்கள், நிபோங் திபால் பக்கத்துப் பள்ளிகளின் பெ.ஆ.ச.-வுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.